செந்தேளும் ஒரு ரத்தக்கொதிப்பு மாத்திரையும்

சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் தோட்டத்துக்கு வருகிற நண்பர்கள் வண்டியை விட்டு இறங்கியதும் கேட்கிற முதல் கேள்வி, "பாம்பு வருமாங்க?" என்பதுதான். வரும். சாரை வரும், எப்போதாவது நல்லது வரும், வந்த வழியே போகும். தேளைப் பற்றி இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையில் பாம்புக்கடி பட்டவர் யாரும் கிடையாது. தேள் கொட்டு வாங்காதவரும் யாரும் கிடையாது. அதனால் இந்தத் தடவை தேளைப் பற்றி எழுதுகிறேன். கொட்டுவதைப் பற்றி இல்லை, அந்தக் கொட்டுக்கு நம் நாட்டில் மருந்து கண்ட கதையை. அது நம்மூர்க் கதை இல்லை, மகாராஷ்டிரத்துக் கதை. ஆனால் எங்களைப் போல காட்டில் கல்லும் தட்டும் புரட்டுகிற ஒவ்வொருத்தருக்கும் சேர வேண்டிய கதை.

முதலில் தேளைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் பக்கம் கண்ணுக்கு அடிக்கடி படுவது இரண்டு வகை. ஒன்று நட்டுவாக்காலி. கன்னங்கரேல் என்று, உள்ளங்கை நீளத்துக்கு, நண்டு மாதிரி தடித்த கொடுக்கோடு இருக்கும். மழை பெய்து வளைக்குள் தண்ணீர் போனால் வெளியே வந்து நடக்கும். பார்த்தாலே குலை நடுங்கும். கொட்டினால் வீங்கும், கடுக்கும், மறுநாள் சரியாகிவிடும். இன்னொன்று செந்தேள். சுண்டுவிரல் நீளம்தான். பழுப்பும் சிவப்பும் கலந்த நிறம், மெலிந்த கொடுக்கு, உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குத் தடித்த வால். ஆளைக் கொல்லக்கூடியது இதுதான். கொடுக்கு பெருத்திருந்தால் வலி, வால் பெருத்திருந்தால் ஆபத்து என்று மோட்டாவாக ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஊரில் நட்டுவாக்காலியை அடிக்கக் கடப்பாரையோடு ஓடுவார்கள், செந்தேளைச் செருப்பால் தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

இந்தச் செந்தேளின் அறிவியல் பெயரில் 'தமுலஸ்' என்று ஒரு சொல் வரும். 1798இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாப்ரிசியஸ் என்ற பூச்சியியல் அறிஞர் வைத்த பெயர். அப்போது தரங்கம்பாடி டென்மார்க்காரர்கள் கையில் இருந்தது. 'தமுல்' என்பது அந்தக் காலத்து ஐரோப்பியர் வாயில் தமிழ். ஆக, இந்தியாவின் கொடிய தேளுக்கு நம் பெயரைத்தான் சூட்டியிருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. பெருமைப்படுவதா என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

செந்தேளுக்குப் பிடித்த இடமெல்லாம் நாங்கள் கை வைக்கிற இடம். கல்லுக்கட்டு, விறகு அடுக்கு, சோளத்தட்டுப் போர், காயப்போட்ட கடலைக்கொடி, ஓட்டு வீட்டின் கைமரச் சந்து, கழற்றிப்போட்ட செருப்பு. பகலில் ஒளிந்திருந்து ராத்திரி இரை தேடும். வெயில் காலத்திலும் முதல் மழை விழுந்த கையோடும் நடமாட்டம் அதிகம். கொட்டு வாங்குவது பெரும்பாலும் கை விரல், கால் விரல். போர் பிரிக்கிற பெண்களுக்குக் கையில், ராத்திரி ஒண்ணுக்குப் போக எழுந்த பிள்ளைகளுக்குக் காலில். ஓட்டுச் சந்திலிருந்து படுக்கையில் விழுந்து கொட்டியதும் உண்டு.

வைத்தியம்? எங்கள் அப்பாரு காலத்தில் புளியங்கொட்டையைக் கல்லில் சூடேற உரசிக் கொட்டிய இடத்தில் ஒட்டுவார்கள். விஷம் இருக்கிற வரை ஒட்டிக்கொண்டிருக்கும், இறங்கியதும் தானே விழும் என்று கணக்கு. சுண்ணாம்பு தடவுவார்கள், வெங்காயத்தைத் தேய்ப்பார்கள், தீக்குச்சி மருந்தைக் குழைத்துப் பூசுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே மந்திரிக்கிறவர். வேப்பங்குலையால் தோளிலிருந்து விரல் வரைக்கும் தடவி இறக்குவார். காசு வாங்க மாட்டார். நடுராத்திரி எழுப்பினாலும் முகம் சுளிக்காமல் வருவார். அவரைக் கிண்டலடிக்கிற எண்ணம் எனக்கு இல்லை. பத்துப் பேருக்கு மந்திரித்தால் ஒன்பது பேருக்கும் மேலே பிழைத்துத்தான் இருக்கிறார்கள். காரணம் ரொம்பச் சாதாரணம். கொட்டுகிற தேளில் பெரும்பாலானவை ஆளைக் கொல்லாதவை. செந்தேளே கொட்டினாலும் ஒவ்வொரு தடவையும் முழு விஷத்தை இறக்குவதில்லை. சில மணி நேரத்தில் வலி தானாகவே இறங்கும். அந்த நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மனுசர் உட்கார்ந்து தைரியம் சொன்னால் அதுவும் ஒரு மருந்துதான். சிக்கல், மிச்சமிருக்கிற அந்த ஓர் ஆளிடம்தான். அந்த ஓர் ஆள் பெரும்பாலும் குழந்தையாக இருக்கும்.

1991 என்று நினைவு. எங்கள் ஊர்க் கடைசி வீட்டில் ஆறு வயசுப் பெண் பிள்ளை. சாயங்காலம் ஏழு மணிக்குக் காலில் கொட்டியிருக்கிறது. கொஞ்ச நேரம் அழுதாள், அப்புறம் வலிக்குதுன்னு சொல்லவே இல்லை. வலி விட்டுப்போச்சு என்று எல்லோருக்கும் நிம்மதி. இரண்டு தடவை வாந்தி. சட்டை நனைகிற அளவுக்கு வேர்வை. கை காலெல்லாம் சில்லென்று ஆகிவிட்டது. "பயந்துட்டா, தண்ணி குடு" என்றார்கள். மந்திரித்தாயிற்று. விடியற்காலம் மூச்சு வாங்க ஆரம்பித்தது, இருமினால் வாயில் ரோஸ் நிறத்தில் நுரை. மாட்டு வண்டியில் ரோட்டுக்கு வந்து, பால் வண்டி பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே ஏதோ ஊசி போட்டார்கள். பத்து மணிக்குத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். "விதி முடிஞ்சுது" என்பதைத் தவிர ஊரில் யாரும் வேறெதுவும் பேசவில்லை.

அந்தப் பிள்ளைக்கு வந்தது என்ன, எப்படி, எத்தனை மணி நேரத்தில் என்பதையெல்லாம் அதற்குப் பல வருசம் முன்பே ஒருவர் எழுதி வைத்திருந்தார். மருந்தையும் சொல்லியிருந்தார். எனக்கு இது தெரிய வந்தது ரொம்பப் பின்னால்.

அவர் பெயர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர். மகாராஷ்டிரத்தில் ஜால்னா பக்கம் தேஹேட் என்ற கிராமத்தில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். நாக்பூரில் மருத்துவம் படித்துவிட்டு, 1976இல் கொங்கண் பகுதியில் மஹாட் வட்டத்தைச் சேர்ந்த பிர்வாடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மஹாட் உங்களுக்குத் தெரிந்த ஊராகத்தான் இருக்கும். 1927இல் அம்பேத்கர் சவதார் குளத்தில் தண்ணீர் எடுக்கப் போராடினாரே, அதே மஹாட். மலைச்சரிவு, செம்புரைக்கல், நெல் வயல், வைக்கோல். செந்தேளுக்குச் சீதனமாகக் கொடுத்த மாதிரி ஒரு பூமி.

அங்கே தேள் கொட்டிய பிள்ளைகள் வரிசையாக வந்து இறந்துகொண்டிருந்தார்கள். நல்ல திடமான ஆண்களும் சேர்த்துத்தான். அங்கேயும் முதலில் போவது மந்திரிக்கிறவரிடம், 'பகத்' என்பார்கள். அப்புறம்தான் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரிக்கு வந்தால் மட்டும் என்ன, ஒவ்வாமை என்று நினைத்து அலர்ஜி ஊசியும் ஸ்டீராய்டும் போட்டார்கள். மயக்க மருந்துகள் மூன்றைக் கலந்து தூங்க வைக்கிற முறையும் அப்போது நாட்டில் இருந்தது. 1961லேயே முண்ட்லே என்ற மருத்துவர், தேள் கொட்டினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியிருந்தார். ஆனால் ஏன் கோக்கிறது, எப்படி நிறுத்துவது என்பதற்குக் கையில் விடை இல்லை. நுரையீரலில் நீர் கோத்த நிலைக்குப் போனவர்களில் நூற்றுக்கு 30, 40 பேர் இறந்தார்கள் என்பது பாவஸ்கர் பின்னால் கொடுத்த கணக்கு.

பாவஸ்கர் செய்த முதல் காரியம், கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். நோயாளி பக்கத்தில் உட்கார்ந்தார். ராத்திரி முழுக்க. எத்தனை மணிக்குக் கொட்டியது, எத்தனை மணிக்கு வாந்தி, நாடி எப்படி, ரத்த அழுத்தம் எவ்வளவு, கை எப்போது குளிர்ந்தது என்று எழுதிக்கொண்டே வந்தார். பெரிய கருவி எதுவும் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையம் அது. பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் இருந்திருந்தால் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது என்பது என் எண்ணம். அங்கே போய்ச் சேரும்போது நோயாளி கடைசிக் கட்டத்தில் இருப்பார். முதல் இரண்டு மணி நேரத்தில் உடம்புக்குள் நடப்பதைப் பார்க்கக் கிராமத்தில் இருந்தால்தான் முடியும்.

அப்படிப் பார்த்ததில் ஒரு வரிசை தெரிந்தது. உயிருக்கு ஆபத்தாகப் போகிறவர்களுக்கு முன்னாலேயே அடையாளம் வந்துவிடுகிறது. வாந்தி, உடம்பெல்லாம் கொட்டுகிற வேர்வை, எச்சில் ஊறுவது, மயிர்க்கூச்சு, ஆண் பிள்ளையாக இருந்தால் குறி விறைத்து நிற்பது, கை கால் சில்லிடுவது. கடைசிக்கு முந்தியதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டே எத்தனை தாய்மார் மறைத்திருப்பார்களோ. இதையெல்லாம் 1982இல் லண்டனிலிருந்து வருகிற 'லான்செட்' இதழில் எழுதினார். இன்னொன்றும் தெரிந்தது. கொட்டிய இடத்தில் உயிர் போகிற வலி மட்டும் இருந்து, வேறு தொந்தரவு எதுவும் இல்லாதவர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டார்கள். வலி அதிகமில்லாமல் வேர்வையும் வாந்தியுமாக வந்தவர்கள்தான் மோசமானார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளை "வலிக்கலை" என்று சொன்னபோது நாங்கள் நிம்மதிப்பட்டோம் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

உடம்புக்குள் நடப்பது என்ன? நான் புரிந்துகொண்ட அளவில் விவசாயி பாஷையில் சொல்கிறேன். செந்தேள் விஷம் நரம்பில் உள்ள மதகுகளைத் திறந்துவிட்டு மூடவிடாமல் செய்கிறது. அதனால் உடம்பில் அட்ரினலின் வகையைச் சேர்ந்த சுரப்புகள் வெள்ளமாக இறங்குகின்றன. ரத்தக்குழாய்கள் எல்லாம் இறுகிச் சுருங்குகின்றன. கை கால் சில்லிடுவது அதனால்தான். கடைமடையில் பைப்பை மிதித்துப் பிடித்துக்கொண்டு மோட்டாரை ஓட விட்டால் என்ன ஆகும்? மோட்டார் திணறும், தண்ணீர் பின்னால் தேங்கும். அதே மாதிரி இதயம் திணறுகிறது, பின்னால் தேங்கிய நீர் நுரையீரலுக்குள் கசிகிறது. அந்த ரோஸ் நுரை அதுதான். தேள் விஷம் ரத்தத்தைக் கெடுத்துக் கொல்லவில்லை, சொந்த உடம்பின் சுரப்பே கொன்றது.

அப்படியென்றால் இறுகிய குழாயைத் தளர்த்தினால் போதும். பாவஸ்கர் முதலில் கையில் எடுத்தது சோடியம் நைட்ரோபுருசைடு. ட்ரிப்ஸில் ஏற்றுகிற மருந்து. குழாயை நன்றாகத் திறந்துவிடும். பிழைக்க மாட்டார்கள் என்று நினைத்தவர்கள் பிழைத்தார்கள். ஆனால் சொட்டுக் கணக்குத் தப்பினால் ரத்த அழுத்தம் தரைக்குப் போய்விடும், நிமிடத்துக்கு நிமிடம் ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கரண்டு போனால் அரிக்கேன் விளக்கு ஏற்றுகிற ஆஸ்பத்திரிக்கு அது ஒத்துவராது. அதே வேலையை வாய் வழியாகச் செய்கிற மருந்து உண்டா என்று தேடினார். பிரசோசின் இருந்தது. ரத்தக்கொதிப்புக்காரர்களுக்கு அப்போதே கடையில் விற்றுக்கொண்டிருந்த மாத்திரை. அட்ரினலின் வகைச் சுரப்புகள் குழாயை இறுக்குவதற்கு எந்தச் சாவித்துவாரத்தைப் பயன்படுத்துகின்றனவோ, அதை அடைத்துவிடும். விலையும் குறைவு. கம்பவுண்டர் கூடக் கொடுத்துவிட முடியும்.

1986இல் பாவஸ்கரும் அவர் மனைவி பிரமோதினியும் சேர்ந்து இதை 'லான்செட்'டில் எழுதினார்கள். அவரும் மருத்துவர்தான். நடுவில் பாவஸ்கர் புனேயில் எம்.டி. படித்துவிட்டு, நகரத்திலேயே தங்காமல் மஹாடுக்கே திரும்பியிருந்தார். மாத்திரை வந்த பிறகு அவர்கள் கையில் வந்த நோயாளிகளில் சாவு நூற்றுக்கு ஒன்று என்ற கணக்குக்கு இறங்கிவிட்டது. 30, 40இலிருந்து ஒன்று. ஆராய்ச்சிக்கூடம் இல்லை, பெரிய பணம் இல்லை, புது மருந்துகூட இல்லை. விவசாயத்தில் இப்படி ஒரு கண்டுபிடிப்பு நடந்திருந்தால் நாட்டில் எல்லா வரப்பிலும் பேசியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அப்புறம், எங்கள் பக்கம் நடந்ததை நினைத்துப் பார்த்து வாயை மூடிக்கொள்வேன். 1986இல் லண்டனில் அச்சான விஷயம் 1991இல் எங்கள் டவுனுக்கு வந்து சேரவில்லை.

எல்லாரும் உடனே ஒத்துக்கொண்டார்கள் என்றும் இல்லை. மும்பையில் ராதாகிருஷ்ண மூர்த்தி என்ற மருத்துவர் இன்சுலினைக் கொண்டு வைத்தியம் செய்து எழுதினார். விஷமுறிவு ஊசிதான் சரி என்றவர்களும் உண்டு. மும்பை ஹாஃப்கின் நிறுவனம் செந்தேளுக்கென்று குதிரை ரத்தத்திலிருந்து முறிவு மருந்து செய்யத் தொடங்கிய பிறகு இந்தச் சண்டை இன்னும் சூடு பிடித்தது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், பாவஸ்கரே அதைச் சோதித்துப் பார்த்ததுதான். 70 பேரை இரண்டாகப் பிரித்து, 35 பேருக்குப் பிரசோசின் மட்டும், 35 பேருக்குப் பிரசோசினோடு முறிவு ஊசியும். பத்து மணி நேரத்தில் இரண்டும் சேர்த்து வாங்கியவர்களில் 32 பேர் முழுசாகத் தெளிந்தார்கள், மாத்திரை மட்டும் வாங்கியவர்களில் 8 பேர். தான் கண்ட மருந்து மட்டும் தனியாகப் போதும் என்று அடம்பிடிக்காமல் 2011இல் அதையும் வெளியிட்டார். ஒரு நெல் ரகத்தைத் தலைமேல் வைத்துக் கூத்தாடிவிட்டு, அடுத்த ரகம் நல்லா வந்தால் திரும்பிக்கூடப் பார்க்காத ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

நம் பக்கத்திலும் மெதுவாக வந்து சேர்ந்தது. புதுச்சேரி ஜிப்மரில் குழந்தைகள் பிரிவு மருத்துவர்கள் பிரசோசின் முறையைப் பின்பற்றி அனுபவத்தை எழுதினார்கள். இப்போது தேள் கொட்டு என்றதும் இந்த மாத்திரையை நினைக்காத மருத்துவர் குறைவு. இதைப் படித்துவிட்டு மருந்துக்கடையில் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். வெறும் வலிக்கு இது மருந்து இல்லை. ரத்த அழுத்தத்தை இறக்குகிற மாத்திரை. பிள்ளையின் எடைக்குத் தக்கபடி கொடுக்க வேண்டும், கொடுத்தபின் படுக்க வைத்திருக்க வேண்டும், கையும் காலும் வெதுவெதுப்பாகிற வரை கூடவே இருந்து பார்க்க வேண்டும். எங்கள் வேலை அதுவரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான். கட்டுப் போடக் கூடாது, கீறக் கூடாது, பிள்ளையை நடக்க விடாமல் 108ஐக் கூப்பிட வேண்டும். வேர்வையும் வாந்தியும் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இன்றைக்கும் எங்கள் ஊரில் மந்திரிக்கிறவர் உண்டு. அவர் பேரனே வண்டி ஓட்டுவதால், "நீ முன்னால ஆஸ்பத்திரிக்குப் போ, நான் இங்கிருந்தே மந்திரிச்சுக்கிறேன்" என்று அனுப்பிவிடுகிறார். இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

ராத்திரி தேளைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன், உங்கள் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா டார்ச் கடையில் கிடைக்கும். அதை இருட்டில் கல்லுக்கட்டு மேல் அடித்தால் தேள் மட்டும் பச்சையும் நீலமுமாக மின்னும். கருந்தேளும் மின்னும், செந்தேளும் மின்னும். செத்ததும் மின்னும். நான் முதல் தடவை அடித்துப் பார்த்த ராத்திரி, தினமும் உட்கார்ந்து காபி குடிக்கிற திண்ணைக்குக் கீழேயே மூன்று இருந்தது. அதிலிருந்து கட்டில் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளித்தான் கிடக்கிறது.

ஊர் மாறிக்கொண்டும் இருக்கிறது. ஓட்டு வீடு போய் கான்கிரீட் வந்துவிட்டது, கல்லுக்கட்டு போய் முள்கம்பி. எங்கள் பக்கம் கொட்டு குறைந்திருப்பதாகத்தான் தோன்றுகிறது. ஆனால் தேள் கிராமத்தோடு முடிந்துபோகிற சமாச்சாரம் என்று நகரத்து நண்பர்கள் நினைக்க வேண்டாம். பிரேசிலில் ஒரு மஞ்சள் தேள் ஆணே இல்லாமல் குட்டி போடும், பெரிய நகரங்களின் சாக்கடையில் கரப்பான் தின்று பெருகிக்கொண்டிருக்கிறது. அங்கே ஒவ்வொரு தேள் கொட்டையும் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். முறிவு மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

நம்மிடம் இல்லாதது அந்தக் கணக்குதான். உலகத்தில் வருசத்துக்கு 12 லட்சம் பேரைத் தேள் கொட்டுகிறது, 3,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள் என்று இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2008இல் மதிப்பிட்டார்கள். எண்ணியது இல்லை, மதிப்பீடு. பாம்புக்கடியை உலக சுகாதார நிறுவனம் 2017இல் கவனிக்கப்படாத நோய்கள் பட்டியலில் சேர்த்தது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசும் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. நல்ல காரியம். அந்த அறிவிப்பு பாம்போடு நின்றுவிட்டது.

எங்களுக்குப் பக்கத்தில் உள்ள ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், உறவுக்காரப் பையனுக்குக் கையில் ஏதோ கொட்டியபோது கூடப் போயிருந்தேன். நர்சம்மா நல்ல மாதிரி, கை கால் குளிர்ந்திருக்கிறதா என்று முதலில் தொட்டுப் பார்த்தார். இரண்டு மணி நேரம் வைத்திருந்து அனுப்பினார்கள். பதிவேட்டில் பேர் எழுதும்போது எட்டிப் பார்த்தேன். பையன் பேருக்கு எதிரே 'இனம் தெரியாத கடி' என்று இருந்தது. "தேள்தானுங்க, அடிச்சுக் கொண்டாந்திருக்கேன், செந்தேளு" என்று பாலித்தீன் பையைக் காட்டினேன். சிரித்தார். "அதுக்குத் தனியா கட்டம் இல்லீங்கண்ணா" என்றார். அந்தப் பக்கத்தில் அதற்கு மேலே இன்னும் ஏழு பேர் இருந்தார்கள், ஏழு பேருக்கும் அதே எழுத்து.